நாலேகால்

வேலாங்காட்டுப்புதூர் பால் சொசைட்டியில் பதினேழு வருசமாகக் காலை ஒருவேளை மாலை ஒருவேளை என்று பால் அளந்துகொண்டிருந்த துளசிமணி, மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது தீபாவளியும் தெரியாது என்பதால் ஒரு நாள்கூட ஊரைவிட்டு முழுசாக விலகியிராதவள், தங்கச்சி வளைகாப்பில் பாதி இலையோடு எழுந்து பஸ்ஸுக்கு ஓடியவள், தன்னுடைய முப்பத்தெட்டாவது வயதில், ஆடிச் சந்தையில், விலங்குச் சுழி உள்ள குதிரை ஒன்றைத் தெரிந்தே வாங்கினாள்.

எதற்கு வாங்கினாள் என்றால், ஓட்டுவதற்குத்தான். மேற்கே மூன்று மாவட்டம் தாண்டி மலையடிவாரத்தில் வருசாவருசம் ஒரு நெடுந்தூரக் குதிரைப் போட்டி நடக்கிறது. எண்பது கிலோமீட்டர். காலையில் கிளம்பிப் பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும். அதில் முதலில் வருவது பெரிய காரியமில்லை, குதிரைக்குக் குறையில்லாமல் முடிப்பதுதான் காரியம், முடித்தவர்கள் பெயரையெல்லாம் ஒரு பலகையில் எழுதி வைப்பார்கள் என்று செல்போனில் பார்த்த நாளிலிருந்து துளசிமணிக்குச் சோறு இறங்கவில்லை. ரயிலடியில் குதிரை வண்டி ஓட்டியவரின் மகள் அவள், எட்டு வயதில் சேணமில்லாமல் ஏறியவள். அந்தப் பலகையில் தன் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஆசை என்றால் சின்ன ஆசைதான், ஆனால் மனுசிக்கு வேறு ஆசையே கிடையாது என்பதால் அது உள்ளே பெரிதாக இடத்தை அடைத்துக்கொண்டது.

சந்தையில் காது நுனி இரண்டும் ஒட்டி நிற்கிற வடக்கத்திக் குதிரைகள், சலங்கை கட்டிக் கட்டிலில் ஏறி ஆடுகிற குதிரைகள், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கென்றே பிறந்த வெள்ளைக் குதிரைகள் என்று வரிசை கட்டி நின்றன, விலை கேட்டால் மயக்கம் வந்தது. துளசிமணி எதன் முகத்தையும் பார்க்கவில்லை. காலை மட்டும் பார்த்துக்கொண்டே போனாள், கறவை மாடு வாங்கப் போனவள் முகம் பார்க்காமல் மடியைப் பார்ப்பது மாதிரி. கடைசி வரிசையில், எருமைகள் கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், குளம்பு கறுத்து இறுகி, கணுக்கால் வற்றி, முதுகு குட்டையாக, எட்டு வயதுப் பெட்டை ஒன்று நின்றது. செவலை நிறம். யாரும் அதைச் சீந்தவில்லை. இடது முன்னங்காலில் குளம்புக்கு மேலே ரோமம் சுழன்று ஒரு வளையம் போட்டிருந்தது.

"அது வேண்டாமுங்க அம்மிணி," என்றார் தரகர். "விலங்குச் சுழி. வாங்கறவுங்க கால்ல விலங்கு விழுந்துரும். போன சொந்தக்காரரு ஜெயில்ல இருக்கறாரு."

"எதுக்குப் போனாரு?"

"மணல் கடத்தி."

கெட்ட சுழியுள்ள மாட்டையோ குதிரையையோ விற்கிறவர் அதை மூன்று தரம் வாய்விட்டுச் சொல்லித்தான் விற்க வேண்டும், வாங்குகிறவரும் தெரிந்தே வாங்குகிறேன் என்று மூன்று தரம் சொல்ல வேண்டும், அதுதான் சந்தை வழக்கம். குதிரைக்காரர் மூன்று தரம் சொன்னார். துளசிமணி, "எனக்கு ஏற்கெனவே விலங்குதான், ரெண்டாவது போட்டா எங்கீங்க மாட்டும்?" என்று சிரித்துக்கொண்டே மூன்று தரம் சொன்னாள். கறவை எருமை விலைகூட ஆகவில்லை. தறிக்குப் போகிற அவள் புருசன் ஆறுச்சாமி, குதிரையைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பால் கறக்காதே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதோடு விட்டுவிட்டார்.

அந்த வாரமே சொசைட்டிக் கூட்டத்தில் துளசிமணி இரண்டு விண்ணப்பம் கொடுத்தாள். போட்டிக்குப் போக ஒரு நாள் லீவு வேண்டும், குதிரை கட்ட சொசைட்டிக்குப் பின்னாலிருக்கிற காலிக் கொட்டகை வேண்டும். லீவு விண்ணப்பத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள், பதினேழு வருசமாக அதற்கு அதுதான் கதி. கொட்டகைக்கு மட்டும் தலைவர் சென்னியப்பன் பெரிய மனசு பண்ணி, குதிரை ரோட்டுக்குப் போய் யாரையும் உதைத்துவிடக் கூடாது என்பதற்காக, "குதிரையோட நாலு காலும் சொசைட்டி வாசல்லதான் நிக்கோணும்" என்று சொல்லச் சொல்ல, தீர்மானப் புத்தகம் எழுதுகிறவர், அவருக்கு வலது காது மந்தம், "துளசிமணியின் குதிரை நாலேகாலுக்கு சொசைட்டி வாசலில் நிற்க வேண்டும்" என்று முத்து முத்தாக எழுதினார். எல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள், எப்போதும் போல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பாலை ஏற்றி அனுப்பிவிட்டுத் துளசிமணி செவலையின் மேல் ஏறிக் கிழக்கே போனாள். குதிரை ஓடிய ஓட்டத்தை என்ன சொல்ல, அது ஓடவேயில்லை, ஒரே கதியில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு கரும்புக்காடு, கோழிப்பண்ணை, ஆற்றுப்பாலம், பேர் தெரியாத ஊர், அதற்கப்புறம் இன்னொரு பேர் தெரியாத ஊர் என்று தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு ஏரிக்கரையில் இறங்கித் தண்ணீர் காட்டினாள். மணி நாலடிக்கப் போகிறது, மாலைப் பாலுக்கு எப்படியும் போக முடியாது, போனால் போகட்டும் என்று பதினேழு வருசத்தில் முதல் தடவையாக நினைத்தாள். மறுபடி ஏறி ஒரு பனைமரச் சந்துக்குள் திரும்பினாள். சந்து முடிகிற இடத்தில் சொசைட்டியின் தகரக்கூரை இருந்தது. தூக்குப்போசிகளோடு ஜனம் வரிசையில் நின்றது. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலேகால்.

"வந்துட்டீங்களா," என்றார்கள். துளசிமணி இறங்கிப் பால் அளந்தாள்.

அதன்பிறகு அவள் வடக்கே போனாள், தெற்கே போனாள், விடியுமுன் கிளம்பி நேராக மேற்கே போய்ப் பார்த்தாள். எந்த ஊர்ச் சந்தாக இருந்தாலும், எந்த வாய்க்கால் மேடாக இருந்தாலும், நாலேகாலுக்கு அது சொசைட்டி வாசலில் முடிந்தது. குதிரையைக் கொட்டகையில் விட்டுவிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் பஸ் ஏறினாள். நாலேகாலுக்கு அந்தப் பஸ் முப்பத்தாறு பேரோடும் இரண்டு கூடைக் கோழியோடும் சொசைட்டி முன்னால் வந்து நின்றது. டிரைவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார், அப்புறம் இறங்கி டீ குடித்தார். ஒரு மாதத்துக்குள் அந்தப் பக்கத்துக் கண்டக்டர்களுக்கெல்லாம் அவள் முகம் பழகிவிட்டது. மூணு மணிக்கு மேல் அவளைப் பார்த்தாலே, "அம்மிணி, கோவிச்சுக்காதீங்க, எறங்கிக்கங்க, நாங்க வேற ஊருக்குப் போகோணும்" என்று மரியாதையாக இறக்கிவிட்டார்கள்.

ஊர் பதறவில்லை. மழை வந்தால் குடை, இது வந்தால் இது என்று எடுத்துக்கொண்டது. நாலு நாள் வாய் ஓயாமல் பேசியது, ஐந்தாம் நாள் இதனால் நமக்கு என்ன பிரயோசனம் என்று யோசித்தது. துளசிமணியைச் சுற்றிப் பத்தடிக்குள் இருப்பவர்களும் கூடவே வந்துவிடுவார்கள் என்று கயிறு வைத்து அளந்து கண்டுபிடித்தார்கள். அப்புறம் அவளுக்கு ஓய்வேயில்லை. பெரியாஸ்பத்திரியில் பேர் வெட்டி வீட்டுக்குப் போகச் சொன்ன நோயாளிகள் அவளை வரச்சொல்லி அவள் குதிரைக்குப் பக்கத்தில் நின்று நோகாமல் வீடு வந்தார்கள். கல்யாணத்துக்குப் போன கூட்டம் திரும்பி வர வண்டி பேசுவதை நிறுத்தியது. டவுன் ஒயின்ஷாப் வாசலில் விழுந்து கிடக்கிறவர்களை அள்ளி வர வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கினார்கள். குதிரைக்கு நாலேகால் என்றே பேர் விழுந்தது. மற்ற குதிரைக்கெல்லாம் என்ன ஐந்து காலா என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசினார்கள்.

எதனால் இப்படி என்பதில் மட்டும் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சுழிக் கட்சிக்காரர்கள், அந்தக் கால் வளையம்தான் காரணம், குதிரையை விற்றால் சரியாகிவிடும் என்றார்கள். தீர்மானக் கட்சிக்காரர்கள் புத்தகத்தை விரித்து வைத்து, எழுதினது எழுதினதுதான், பொதுக்குழு கூடி ரத்து செய்தால் ஒழியப் போகாது என்றார்கள். துளசிமணி இரண்டு கட்சி சொன்னதையும் செய்து பார்த்தாள். மூன்று தரம் சுழி சொன்னதும் வாங்க வந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள். பொதுக்குழுவுக்கு மூன்று முறை நாள் குறித்தார்கள், மூன்று முறையும் போதுமான ஆள் வரவில்லை. வராதவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான், அவள் வீட்டு நல்லது கெட்டதுக்கு முதலில் வந்து நிற்கிறவர்கள்தான். அதுதான் அவளை அழுத்தியது. திட்டினால் திருப்பித் திட்டலாம், இவர்களோ குதிரைக்கு வெல்லம் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

இந்த மட்டில் நின்றிருந்தால் துளசிமணி பாவம் என்று சொல்லிக் கதையை முடித்துவிடலாம். ஆனால் அவளும் ஒரு காரியம் செய்தாள்.

கீழ்க்காட்டு நாச்சிமுத்துவின் மகள் ஜீவிதா, மாப்பிள்ளை பார்த்துப் பேசி முடித்த வாரத்தில், கோயமுத்தூருக்குப் போய் நர்சிங் படிப்பில் சேர்ந்துவிட்டாள். எட்டு மாதம் படித்தாள். நாச்சிமுத்து ஒரு நாள் பால் ஊற்ற வந்தவர் போசியைக் கீழே வைத்துவிட்டு, "அம்மிணி, நீங்க சும்மா போயி அவகூட ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டு இருந்தாப் போதும்" என்று கண்கலங்கினார். அவர் என்ன கேட்கிறார் என்று துளசிமணிக்குத் தெரியும். தெரியாத மாதிரி போனாள். ஹாஸ்டல் வாசலில் வேப்பமரத்தடியில் ஜீவிதா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உடம்பில் எங்கெங்கே நாடி பிடிக்கலாம் என்று ஆசை ஆசையாகக் காட்டிக்கொண்டிருந்தாள், கழுத்தில், முழங்கைக்குள், பாதத்துக்கு மேலே. காட்டிக்கொண்டிருக்கும்போதே மணி நாலேகால் ஆயிற்று.

சொசைட்டி வாசலில் அந்தப் பெண் சுற்றிலும் பார்த்தாள், அப்பனைப் பார்த்தாள், பிடித்திருந்த கையை விட்டாள். மூன்று மாதமாக அவளை வீட்டைவிட்டு வெளியே அனுப்பவில்லை. துளசிமணி அதன்பிறகு நாச்சிமுத்து வீட்டுப் பாலில் தரம் பார்க்கிற மீட்டரை விடும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்காமல் அளவைச் சொன்னாள்.

போட்டி வந்தது. லீவு வரவில்லை, ஆனால் நாலேகாலுக்குள் வந்துவிடப் போகிறவளுக்கு லீவு எதற்கு என்று தலைவரே சொல்லிவிட்டார். காலைப் பாலை மட்டும் ஆறுச்சாமி அளப்பதாக ஏற்பாடு. போட்டியில் குதிரைக்குத் தண்ணீர் ஊற்ற, நாடி பார்க்க ஒரு ஆள் கூட வேண்டும். நாடி பார்க்கத் தெரிந்தது ஊரில் ஒரே ஆள்தான். துளசிமணி போய்க் கேட்டாள். வீட்டுக்குள்ளேயே கிடக்கிற பிள்ளை ஒரு நாள் காற்றாட வரட்டுமே என்றுதான் கேட்டாள், வேறு திட்டமெல்லாம் அவளிடம் இல்லை. நாச்சிமுத்து யோசித்தார், தானும் வருவதாகச் சொன்னார். "திரும்பறதுக்கு லாரிகூட வேண்டியதில்லையே," என்றார்.

முந்தின நாள் மாலைப் பாலை முடித்துவிட்டுக் குதிரையோடு லாரி ஏறினார்கள். மலையடிவாரத்தில் விடிந்ததும் பச்சைத்தொப்பி டாக்டர்கள் குதிரையைப் பார்த்தார்கள். சுழியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எண்பது கிலோமீட்டரையும் மூன்று சுற்றாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் குதிரையின் நெஞ்சுத்துடிப்பு அரை மணிக்குள் நிமிடத்துக்கு அறுபத்துநாலுக்குக் கீழே இறங்க வேண்டும், இறங்காத குதிரை வெளியே. லட்சக்கணக்கில் வாங்கிய குதிரைகள் நுரை தள்ளி நிற்க, செவலை தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் ஐம்பதுக்கு வந்தது. கூட்டம் கூடிப் பார்த்தது. எந்த ஊர்க் குதிரை என்று கேட்டார்கள். துளசிமணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

இரண்டாம் சுற்று ஓய்வில், செவலையின் கழுத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஜீவிதா சொன்னாள். "அத்தை, இங்கிருந்து கோயமுத்தூருக்கு நேர் பஸ் இருக்குதாம். அஞ்சு மணிக்கு." கேட்கவில்லை, கெஞ்சவில்லை, சும்மா சொன்னாள். அவளுடைய இன்னொரு கையை நாச்சிமுத்து பிடித்திருந்தார். துளசிமணி சேணத்தின் வாரை இறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

மூன்றாம் சுற்றில் பாறைத் தடத்தில் ஒரு லாடம் கழன்றது. குளம்பு தேய்ந்துவிடக் கூடாதே என்று துளசிமணி இறங்கி, மண் தடம் வருகிறவரைக்கும் நான்கு கிலோமீட்டர் குதிரைக்கு முன்னால் நடந்தாள், நடந்துகொண்டே வெயிலைப் பார்த்தாள். மறுபடி ஏறி, கடைசி மேட்டைத் தாண்டி, சுண்ணாம்புக் கோடும் கூடாரமும் தெரிகிற இடத்துக்கு வந்தபோது மணி நாலு அடித்து ஐந்து நிமிடம். முந்நூறு அடி. டாக்டர்கள் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். கோட்டைத் தாண்டினால் இரண்டு நிமிடத்தில் துடிப்பு இறங்கும், நான்கு நிமிடத்தில் பார்த்து முடிப்பார்கள், பெயர் பலகையில் ஏறிவிடும். கணக்குச் சரியாக இருந்தது. பலகைகூடத் தெரிந்தது.

கோட்டின் மேலேயே நாச்சிமுத்து நின்றார். மூன்றாம் சுற்று தொடங்கியதிலிருந்து அங்கேதான் நின்றார். ஒரு கையில் மகளின் மணிக்கட்டு. இன்னொரு கையை, செவலை வந்ததும் சேணத்தைப் பற்றிக்கொள்ளத் தயாராக, இப்போதே நீட்டி வைத்திருந்தார். ஜீவிதா துளசிமணியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துளசிமணி கடிவாளத்தை இழுத்து நிறுத்தினாள். இந்த ஒன்றுதானே கேட்டேன், இந்த ஒன்றே ஒன்றுதானே என்று வாய்விட்டுச் சொன்னாள், யாரிடம் சொன்னாள் என்று தெரியாது, குதிரை காதைத் திருப்பியது. அப்புறம் அவள் குதிரையை வந்த வழியே திருப்பினாள்.

கூட்டம் கத்தியது, கோடு இந்தப் பக்கம் என்று கையை ஆட்டியது. நாச்சிமுத்து, "அம்மிணி! எங்க போறீங்க? இங்க வாங்க!" என்று மகளை இழுத்துக்கொண்டு ஓடிவரப் பார்த்தார். ஜீவிதா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். இழுத்துப் பார்த்தார், வரவில்லை. மணியைப் பார்த்தார். குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடலாம், குதிரை என்ன, நடந்துதானே போகிறது என்று மகளின் கையை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

குதிரை நடந்துதான் போனது. அவர் நெருங்கினால் இரண்டு எட்டு வேகமாகப் போனது, அவர் களைத்து நின்றால் அதுவும் நின்றது. துளசிமணி திரும்பிப் பார்த்து, "வாங்க ங்ணா, வாங்க" என்றாள். மேட்டைத் தாண்டி, கூடாரம் மறைந்து, தைலமரக் காட்டுக்குள் தடம் வளைகிற இடத்தில் அவர் பாய்ந்து செவலையின் வாலைப் பிடித்தார். "பிடிச்சுட்டேன்," என்றார், மூச்சு வாங்க. "திருப்புங்க, புள்ள அங்க தனியா..." தடம் வளைந்த இடத்தில் தகரக்கூரை தெரிந்தது.

வரிசையில் இருபது முப்பது பேர் நின்றார்கள். "வாங்க வாங்க, டயத்துக்கு வந்துட்டீங்க," என்றார் சென்னியப்பன். "என்ன, ஜெயிச்சீங்களா?"

நாச்சிமுத்து வாலை விடாமல் சுற்றிலும் பார்த்தார். தன்னுடைய இன்னொரு கையைத் தூக்கிப் பார்த்தார். "அம்மிணி, ஜீவிதா எங்க?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தபோது துளசிமணிக்கு அவரும் பாவம் என்றுதான் தோன்றியது.

"காலேஜுக்குப் போயிட்டா ங்ணா," என்றாள். "இனி என்னைய அனுப்பாதீங்க, நான் போகமாட்டேன்."

வரிசையின் பின்னாலிருந்து ஒருவர், "அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம், பாலை ஊத்துங்க, புளிச்சிரும்" என்றார். ஆமாம் ஆமாம் என்று போசிகள் முன்னால் நகர்ந்தன. பதினேழு வருசப் பழக்கத்தில் துளசிமணியின் கால் தானாக அளவை மேசைப் பக்கம் ஒரு எட்டு வைத்தது.

வைத்த காலைத் திரும்ப எடுத்தாள். செவலையின் இடது முழங்கைக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து, சொசைட்டிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நெஞ்சுத்துடிப்பை எண்ண ஆரம்பித்தாள். யாரோ கூப்பிட்டார்கள். எண்ணினாள். மணி நாலேகால் தாண்டிவிட்டது என்று தலைவர் சொன்னார். எண்ணினாள். வினாடி முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வரும்வரை வேலாங்காட்டுப்புதூர் முழுக்கக் கையில் பாலை வைத்துக்கொண்டு காத்து நின்றது.

"நாப்பத்தெட்டு," என்றாள் சத்தமாக. எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.